2,407 பவுண்டு எடுத்துவைத்தேன், 3,611 கேட்கிறது

ஊசிநூல், ஹாரோ
11 ஜனவரி 2026

வணக்கம். இங்கே லண்டனில் வீட்டிலிருந்தே சேலை ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் நான். 2024 ஏப்ரலில் கடை வேலையை விட்டுச் சுயதொழிலுக்கு வந்தேன். ஆகவே இதுதான் என் முதல் வரிப் படிவம். நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து 2024–25க்கான கணக்கை இணையத்தில் அனுப்பினேன். நூல், துணி, கொக்கி, தபால் எல்லாம் போக இலாபம் 21,830 பவுண்டு.

கணக்கு எனக்குப் புதிதல்ல. கால் அங்குலம் தவறினால் தோள் பிடித்துக்கொள்ளும் தொழில். வரியில்லாத 12,570ஐக் கழித்தால் மீதி 9,260. அதற்கு 20 சதவீத வருமான வரி 1,852. சுயதொழில் செய்கிறவர் அரசுக்குக் கட்டும் காப்பீட்டுத் தொகையான நான்காம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸ் 6 சதவீதம், 555.60. ஆக மொத்தம் 2,407.60. இதே தொகையை நான் முன்பே போட்டுப் பார்த்து, கோடைக் கல்யாணக் காசிலிருந்து தனி வங்கிக் கணக்கில் சேர்த்துவைத்திருந்தேன். என் கணவரிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஜனவரி 31க்குள் 3,611.40 கட்டு என்று நிற்கிறது. போதாதென்று அதன் கீழே ஜூலை 31க்கு இன்னொரு 1,203.80. எங்காவது எண்ணை மாற்றித் தட்டிவிட்டேனா என்று மூன்று முறை பார்த்தேன், இல்லை. தாமத அபராதமாக இருக்க வழியில்லை. செப்டம்பரிலேயே பதிவு செய்துவிட்டேன். இந்த 1,203.80 எங்கிருந்து முளைத்தது?

---

இரவுச்சாரதி, ஈஸ்ட் ஹாம்

தங்கச்சி, பிழை ஒன்றும் இல்லை. 1,203.80ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் 2,407.60 வந்து நிற்கும்.

இதற்குப் பெயர் பேமென்ட்ஸ் ஆன் அக்கவுன்ட். அடுத்த ஆண்டு வரிக்கு முன்கூட்டிக் கட்டும் தவணை. வரி 1,000 பவுண்டைத் தாண்டி, அதில் 80 சதவீதத்துக்குக் குறைவாகவே சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தால் இது தானாக வந்துவிடும். போன ஆண்டு வரியில் பாதி ஜனவரியில், மறுபாதி ஜூலையில். 2025–26 ஆண்டு போன ஏப்ரல் 6இலேயே தொடங்கி, ஒன்பது மாதம் ஓடியும் விட்டது. சம்பளக்காரருக்கு மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள், நமக்குப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் இப்படிப் பிடிக்கிறார்கள்.

முதல் ஆண்டில்தான் அடி. பழைய வரி முழுவதும், புதிய வரியில் பாதியும் ஒரே நாளில் விழும். எனக்கும் முதல் வருடம் இப்படித்தான். டாக்சிக்கு டயர் மாற்ற வைத்திருந்த காசு போயிற்று. வழுக்கை டயரோடு மாசி வரை ஓடினேன். என் கணக்காளர் அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கூலியை மட்டும் நேரத்துக்கு வாங்கிக்கொண்டார். இலாபம் இதே அளவில் இருந்தால், அடுத்த ஜனவரியில் 1,203.80 மட்டும்தான் கேட்கும்.

---

கோடைமழை, லெஸ்டர்

எஸ்.ஏ.303 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் இரண்டு தவணையையும் பூச்சியம் ஆக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், யாரும் கேட்கவில்லை.

---

பேரேடு, க்ராய்டன்

இன்னும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் படிவம் இந்த ஆண்டு இலாபம் குறையும் என்று நியாயமாக நம்புகிறவருக்கு. குறைத்துவிட்டுப் பிறகு வரி கூடுதலாக வந்தால், கட்டாமல் விட்டதற்குத் தவணை நாளிலிருந்தே வட்டி எண்ணுவார்கள். தெரிந்தே பொய்யாகக் குறைத்தால் அபராதமும் உண்டு.

ஊசிநூல் அக்காவிடம் இரண்டு கேள்வி. நான் சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதுகிறவள், செலவுப் பட்டியலில் எதைக் காணவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன். நூலும் கொக்கியும் எழுதியிருக்கிறீர்கள். தையல் இயந்திரம் எங்கே? வீட்டிலேயே தைக்கிறீர்கள், அந்த அறைக்கு ஏதாவது கழித்தீர்களா? மாதம் 101 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டில் வேலை செய்தால், பில் எதுவும் காட்டாமலே மாதத்துக்கு 26 பவுண்டு கழிக்கலாம். விட்டுப்போயிருந்தால் படிவத்தைத் திருத்தலாம். அனுப்பி 72 மணி நேரம் ஆக வேண்டும், அவ்வளவுதான். வரி குறைந்தால் தவணையும் சேர்ந்து குறையும்.

அப்படியும் கைக்கு எட்டாவிட்டால், பேசாமல் இருந்துவிடாதீர்கள். வரித்துறையான எச்.எம்.ஆர்.சியின் தளத்திலேயே டைம் டு பே என்று மாதத் தவணை கேட்கலாம். வட்டி உண்டு. ஆனால் பழைய ஆண்டு வரியை 30 நாளுக்கு மேல் சும்மா வைத்திருந்தால் விழும் 5 சதவீத அபராதத்தை அது தடுக்கும்.

---

ஊசிநூல், ஹாரோ
15 ஜனவரி 2026

இருவருக்கும் நன்றி. இயந்திரத்தை நான் எழுதவே இல்லை! 2024 ஜூனில் 640 பவுண்டுக்கு வாங்கியது. அது வீட்டுச் சாமான் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன், சோபா போல. ரசீதை இயந்திரத்தின் பெட்டிக்குள்ளேயே, பாபின் பைக்கு அடியில் கண்டுபிடித்தேன். அதில் வேறு எதையும் தைத்ததில்லை, முழுக்கத் தொழிலுக்குத்தான். அறைக்கும் எதுவும் கழிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது குனிந்திருக்கிறேன், 101 மணி தாண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு 312.

நேற்று திருத்தி அனுப்பினேன். இலாபம் 20,878. வரியும் இன்சூரன்சும் சேர்த்து 2,160.08, பாதி 1,080.04. ஜனவரிக்கு 3,240.12 கேட்கிறது. 371 பவுண்டு குறைந்திருக்கிறது.

எஸ்.ஏ.303 பக்கம் போகவில்லை. இந்த ஆண்டு இரண்டு அரங்கேற்றத்துக்கு உடை தைத்தேன், இலாபம் கூடத்தான் செய்யும். குறையும் என்று எழுத எனக்குக் கை வராது. கையிருப்பு போக இன்னும் 832.52 வேண்டும். தைப்பொங்கலுக்கு வாங்கிப்போனவர்களில் நாலு பேர் இன்னும் காசு தரவில்லை. இன்றைக்கே பொங்கல் வாழ்த்துச் சொல்லும் சாக்கில் ஒவ்வொருவராகக் கூப்பிடப் போகிறேன்.

---

இரவுச்சாரதி, ஈஸ்ட் ஹாம்

31ஆம் தேதி சனிக்கிழமை, தங்கச்சி. வெள்ளிக்குள் கட்டிவிடுங்கள். அந்த நாலு பேரில் என் வீட்டுக்காரி இருந்தால் சொல்லுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன்.