புதுப்பிப்பு: எஃகில் உரிந்த கார்பன் படலம் இப்போது ஒட்டிவிட்டது

நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகத்தில், மீத்தேன் அயனிக் கற்றையால் (மின்னூட்டம் பெற்ற துகள்களின் வீச்சால்) எஃகுத் தகட்டில் படியவைத்த வைரம் போன்ற கார்பன் படலம் உரிந்துபோகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஒட்டிவிட்டது! இரண்டு வாரமாகியும் உரியவில்லை.

குற்றவாளி உள்தகைவு, அதாவது படலத்துக்குள்ளேயே தேங்கும் அழுத்தம். 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அளவில் அயனிகள் படலத்துக்குள் புதையும்போது வைரப் பிணைப்புகள் (வைரத்தில் கார்பன் அணுக்கள் இணைந்திருக்கும் வகை) கூடும். படலமும் உள்ளுக்குள் நெரிபடும். பழைய தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஈரமண்ணில் மண்புழு ஊர்ந்த தடம் போல நெளிநெளியான மேடுகள். படலம் தடிக்கத் தடிக்க உரிக்கும் விசையும் ஏறும்.

நம் ஊர் ஆடிச் சாரலில், படலம் படியவைக்கும் வெற்றிடக் கலனைத் திறந்தாலே உட்சுவரில் நீராவி படிந்துவிடும். அதனால் அந்த ஈரத்தை வெளியேற்றக் கலனைச் சூடாக்கி, இரவு முழுவதும் பம்பை ஓட்டினேன். பிறகு ஆர்கான் அயனிகளால் எஃகின் ஆக்சைடைச் சுரண்டி, மெல்லிய சிலிக்கான் அடுக்கிட்டு, அதன்மேல் முன்பைவிட மெலிதாகக் கார்பன்.

புதிய படலத்தின் ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பிணைப்புகளை அறியும் சோதனை) 1540 செ.மீ⁻¹ அருகே அகன்ற முகடு, 1350 செ.மீ⁻¹ அருகே அதன் பக்கவாட்டில் சிறு தோள் போன்ற மேடு. வைரப் பிணைப்பின் விகிதம் இதிலேயே தெரியுமா என்று கேட்ட தம்பிக்கு: நேரடியாகத் தெரியாது. இந்தச் சோதனையில் பயன்படும் பச்சை லேசருக்குப் பெரும்பாலும் கிராஃபைட் வகைப் பிணைப்புகளே புலப்படும். கடினத்தன்மைச் சோதனைக்குத் தகட்டை அனுப்பியிருக்கிறேன்.