புதுப்பிப்பு: தோப்பு ரேடாரின் பொய் அலாரம் நின்றது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் 24.125 ஜிகாஹெர்ட்ஸ் டாப்ளர் மாட்யூல் (ரேடியோ அலை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தில் அசைவைக் கண்டுபிடிக்கும் சின்ன ரேடார்), ஆளே இல்லாமல் அலாரம் அடித்ததே, அதன் முடிவு இது.

த்ரெஷோல்டை (அலாரம் அடிக்கத் தேவையான சிக்னல் அளவை) ஏற்றியதில் தூரத்து ஆளும் காணாமல் போனார். கைகொடுத்தது, ஐ, க்யூ (மாட்யூல் தரும், கால் சுற்று தள்ளிய இரண்டு சிக்னல்கள்; சேர்த்தால் நெருங்குவதா விலகுவதா என்று தெரியும்) இரண்டையும் சேர்த்து எஃப்எஃப்டி (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான். சாம்பிளிங் வினாடிக்கு 2560 முறை, ஒரு எஃப்எஃப்டிக்கு 256 புள்ளி, அதாவது 0.1 வினாடி. அதிர்வெண்ணில் ஒரு கட்டம் 10 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 100 முறை மினுங்கும் பம்ப் ரூம் டியூப்லைட் +100, −100 ஹெர்ட்ஸ் (நெருங்கும் பக்கம், விலகும் பக்கம்) இரண்டிலும் நின்றது. 100 ஹெர்ட்ஸ் என்றால் இங்கே மணிக்கு 2.2 கிலோமீட்டர், மெல்ல நடக்கும் ஆள் கணக்கு. ஐ மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. நிஜ ஆள் ஒரு பக்கம்தான் ஏறுவார். ஐ, க்யூ சமமில்லாததால் மறுபக்கம் ஒரு நிழல் தெரியும், ஆனால் சுமார் 20 டெசிபல் கீழே (பவரில் நூறில் ஒரு பங்கு). இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 6 டெசிபலுக்குள் இருந்தால் லைட் என்று தள்ளிவிட்டேன்.

எதிர்பாராதது ஆடிக்காத்து. 0.1 வினாடிக்குள் மட்டை ஒரே திசையில்தான் போகிறது, அதனால் ஆள் மாதிரியே தெரிகிறது. அதனால் ஐ, க்யூ காட்டும் ஃபேஸ் (அலையின் கோணம்) எத்தனை சுற்று சுற்றியது, எந்தத் திசையில் என்று 2 வினாடிக்குக் கூட்டினேன், ஒரு சுற்று என்றால் 6.2 மில்லிமீட்டர் நகர்வு. மட்டை திரும்பிவிடும், ஆள் திரும்பமாட்டார். நிகர நகர்வு 60 சென்டிமீட்டர் தாண்டினால்தான் அலாரம்.

ரேடாருக்குக் குறுக்கே நடப்பவரின் தூரம் அதிகம் மாறாது, அதனால் அவரை இது தவறவிடும். மாட்யூலைத் தடத்தின் நீளவாக்கில் திருப்பி வையுங்க.