மறு: பிரெடிங் - பூச்சா, பொதியா, உறையா?

அன்பு நண்பர்களே,

பொரிப்பதற்கு முன் துண்டின் மேல் மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று ஏற்றுகிறோமே, அந்தப் பிரெடிங் என்ற ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக இந்த இழையில் பூச்சு, மேல்மாவு, பொதி, கவசம், மேலோடு என்று வரிசையாக முன்மொழிவுகள் வந்துவிட்டன. எல்லாரும் அகராதியைப் புரட்டித் தேடுகிறோம். எனக்கென்னவோ எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துத் தேடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று படுகிறது. சீஸ் துண்டைப் பொரிக்கும்போது அதன் மேலிருப்பது என்ன வேலை செய்கிறது என்று தெளிந்துவிட்டால் பாதிச் சொற்கள் தாமே உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> பூச்சு என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் பூச்சு என்றால் அது இல்லாமலும் உள்ளே இருப்பது நிற்கும் என்று பொருள். சுவர்ப்பூச்சு, நகப்பூச்சு எல்லாம் அப்படித்தான். சீஸ் அப்படி நிற்காது. அதிலுள்ள கொழுப்பு நம் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். சீஸ் வகைகளில் மொசரெல்லா 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், செடார் 65 பக்கம். எண்ணெயோ 180-இல் காய்ந்துகொண்டிருக்கிறது. வெறும் மொசரெல்லாத் துண்டை அதில் போட்டுப் பாருங்கள்: ஓரங்கள் நுரைக்கும், துண்டு தட்டையாகப் பரவும், கடைசியில் சட்டியின் அடியில் ஒட்டிக் கருகும். ஆக, மேலே இருப்பது சுவைக்காகவோ மொறுமொறுப்புக்காகவோ மட்டும் தடவியது அல்ல. உருகி ஓடப்போகும் ஒன்றை வடிவம் குலையாமல் பிடித்துவைப்பதுதான் அதன் முதல் வேலை. உருளைக்கிழங்குத் துண்டுக்குப் பூச்சு என்று தாராளமாகச் சொல்லலாம். சீஸுக்கு அந்தச் சொல் பத்தாது.

> மேல்மாவு என்றால் எளிமை.

எளிமைதான், ஆனால் அது மாவு மட்டும் இல்லையே. மூன்று அடுக்கு இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வேலை செய்கின்றன. சீஸ் துண்டின் மேற்பரப்பு வழுக்கலானது, கொஞ்சம் ஈரமும் கொழுப்பும் கலந்தது. அதில் முட்டையை நேரே தடவினால் வழிந்துவிடும், அங்கங்கே திட்டாகத்தான் நிற்கும். முதலில் உலர்ந்த மைதாவில் புரட்டினால் மாவு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. அதன்மேல்தான் முட்டை பிடிக்கும். முட்டையின் மேல்தான் ரொட்டித்தூள் ஒட்டும். இந்த வரிசை மாறினால் கதை கந்தல்.

இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று முன்பே ஒருவர் கேட்டிருந்தார். என் முன்மொழிவு: முதலில் புரட்டுவது பற்றுமாவு, நடுவில் தோய்ப்பது ஒட்டுக்கரைசல், கடைசியில் ஒற்றுவது மேல்தூள். முட்டைக்கரைசல் என்று நடுவதற்குப் பெயர் வைக்க வேண்டாம். முட்டை சேர்க்காதவர்கள் மைதாவையும் சோளமாவையும் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து அதே வேலையை வாங்குகிறார்கள். பொருளை வைத்துப் பெயரிட்டால் அவர்களுக்கு வேறு சொல் தேட வேண்டிவரும்; வேலையை வைத்துப் பெயரிட்டால் இருவருக்கும் ஒரே சொல் போதும். பேட்டர் என்பது இவற்றில் சேராது. அது கெட்டியான ஒற்றைக் கரைசல், துண்டை அதில் முக்கி நேரே எண்ணெயில் விடுவது. அதற்குத் தோய்மாவு என்று முன்பே இங்கே ஒருவர் சொன்னது எனக்கு முழுச் சம்மதம்.

> மேலோடு? அல்லது பொரியோடு?

மேலோடு நல்ல சொல். ஆனால் புவியியல்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. பொரியோடு என்பதைச் சொல்லிப் பாருங்கள். 'பொரியோடு சீஸ்' என்றால் பொரியும் சீஸும் ஒரு தட்டில் வருவதாகத்தான் கேட்பவர் நினைப்பார். ஓடு என்பது வேற்றுமை உருபாக நின்று காலை வாரிவிடுகிறது. கவசம் கொஞ்சம் போர்க்களமாக இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

பொதி மோசமில்லை. பொதிந்து வைத்தல் என்ற வினையும் கூடவே கிடைக்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லாகப் பொதி என்றதும் மூட்டையும் சுமையும்தான் முன்னே வந்து நிற்கின்றன.

எனக்குப் பிடித்தது பொரியுறை. பொரி, உறை இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. பொரித்த உறை, பொரிகின்ற உறை, பொரியும் உறை என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். இது வெறும் இலக்கண அழகு இல்லை. எண்ணெயில் போடுவதற்கு முன் தட்டில் வெளிறிக் கிடப்பதும் பொரியுறைதான். எண்ணெயில் சலசலத்துக்கொண்டிருப்பதும் பொரியுறைதான். வெளியே எடுத்துக் கடிக்கும்போது நொறுங்குவதும் பொரியுறைதான். பூச்சு, மேல்மாவு இரண்டும் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. இடையின ரகரத்தை மட்டும் கவனியுங்கள்: பொறியுறை என்று எழுதினால் இயந்திரத்துக்குப் போட்டு மூடும் துணியாகிவிடும். 'பொறித்த' என்று எழுதிய பலகைகளைத் தினமும் பார்ப்பதால் இந்த எச்சரிக்கை.

> உறை என்றால் குழப்பம் வராதா? அதே குறிப்பில் ஃப்ரீசரில் உறைய வைக்கச் சொல்லவும் வேண்டுமே. பாலும் உறைகிறது, தயிரும் உறைகிறது.

இந்த இழையில் வந்த மறுப்புகளிலேயே கனமானது இதுதான். 'உறையிட்டு உறையவைத்து மீண்டும் உறையிட்டு' என்று ஒரு சமையல் குறிப்பு எழுதினால் படிப்பவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டியில் நடப்பதைப் பார்த்தால் இந்த இரட்டைப் பொருள் நமக்குச் சாதகமாகவே அமைகிறது.

சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் ரொட்டித்தூள் காய்ந்து சிவக்கத் தொடங்குகிறது. அடுத்து அதற்குக் கீழே இருக்கும் முட்டைக்குச் சூடு எட்டுகிறது. வெண்கரு 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கும். அது இறுகினால் மாவையும் தூளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே சுவராகிவிடும். அதற்குப் பிறகு உள்ளே சீஸ் உருகினாலும் வெளியே வர வழியில்லை. சீஸ் முந்திக்கொண்டால் சுவர் கட்டுமுன்னே உடைப்பு. பொரித்த சீஸின் வித்தை முழுவதும் இந்தப் பந்தயத்தில்தான் இருக்கிறது. முட்டை உறைந்தால்தான் உறை உறையாகிறது. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் அமைவது அபூர்வம், அதை விடுவானேன்?

குழப்பத்தைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஃப்ரீசர் வேலைக்கு உறையவைத்தல் என்று எழுதாமல் இறுகவிடுதல் என்று எழுதுவோம். 'ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் இறுகவிடுங்கள்.' யாருக்கும் ஐயம் வராது. மேலே மாவும் தூளும் ஏற்றும் வேலைக்கு உறையேற்றுதல். 'இரண்டு முறை உறையேற்றுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. கையெல்லாம் மாவாக நிற்கிறவரிடம் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினால் புரிய வேண்டும். கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை அவ்வளவுதான்.

> ஃப்ரீசர் கட்டாயமா? இது சொல் விவாதமா, சமையல் வகுப்பா?

இரண்டும்தான், மன்னியுங்கள். கட்டாயம். மேலே சொன்ன பந்தயத்தில் முட்டைக்குக் கிடைக்கும் முன்தொடக்கம் ஃப்ரீசர்தான். பனிக்கட்டி நீராக மாறவே கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மொசரெல்லாவில் கிட்டத்தட்ட பாதி நீர். அது இறுகி இருந்தால், உள்ளே வரும் சூட்டில் ஒரு பெரும்பகுதி பனியை உருக்குவதிலேயே போய்விடும், சீஸ் இளகத் தாமதமாகும். அந்த இடைவெளியில் பொரியுறை முடிந்துவிடுகிறது.

அடுத்து, யாரும் தொடாத ஒன்று. பொரிக்கும்போது சீஸ் வெளியே வந்துவிடுவதற்கு நாம் ஒரே சொல்லைப் புழங்குகிறோம்: 'லீக் ஆயிடுச்சு'. நடப்பதோ இரண்டு வேறு விஷயங்கள். காரணமும் வேறு, கைமருந்தும் வேறு. ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

ஒன்று கசிவு. துண்டின் மூலையில் தூள் சரியாக ஒட்டவில்லை, அல்லது எண்ணெய் போதுமான அளவு காயவில்லை. சின்ன வெள்ளைப் பொட்டு ஒன்று முளைக்கும், அதைச் சுற்றிக் குமிழிகள் கூட்டமாக வரும், மெதுவாக ஒரு நூல் எண்ணெயில் இறங்கும். பெரும்பாலும் மூலையில்தான் இது நடக்கிறது. கூரான மூலையில் மாவும் நிற்காது, முட்டையும் வழிந்துவிடும். சதுரமாக வெட்டிய துண்டின் மூலைகளைக் கத்தியால் லேசாக மழுக்கிவிட்டு இரண்டாம் முறை உறையேற்றினால் கசிவு பெரும்பாலும் நின்றுவிடும்.

மற்றது வெடிப்பு. இங்கே உறையில் குறை ஒன்றும் இல்லை. துண்டு அதிக நேரம் எண்ணெயில் கிடந்ததால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிறது. நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வழி கிடைக்காத ஆவி, உறையைப் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு சீஸையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் தெறிக்கும். இதற்கு மூன்றாவது முறை உறையேற்றிப் பயனில்லை. நேரத்தைக் குறைக்க வேண்டும், நீர் குறைந்த சீஸாக எடுக்க வேண்டும். நீர் குறைந்த மொசரெல்லாவில் நீர் 45 முதல் 52 விழுக்காடு வரை. நீரில் மிதக்கவிட்டு விற்கும் புது மொசரெல்லாவில் 60 வரை போகும்; அது பொரிக்க லாயக்கில்லை. இரண்டையும் லீக் என்றே எழுதினால், வெடிப்புக்குக் கசிவு மருந்து போட்டுக்கொண்டே இருப்போம்.

> சீஸ், சீஸ் என்றே எழுதுகிறீர்களே. பாலாடைக்கட்டி இருக்கிறதே?

வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். பாலாடை என்பது காய்ச்சிய பாலின்மேல் படரும் ஏடு. சீஸ் ஏட்டைக் கட்டியாக்கியது அல்ல. பாலைத் திரியவைத்து நீரை வடித்தது. அந்த வகையில் பாற்கட்டி இன்னும் நேர்மையான சொல். ஆனால் என் தயக்கம் அதனால் அல்ல. பன்னீரையும் பாலாடைக்கட்டி என்று எழுதுகிறார்கள், மொசரெல்லாவையும் அப்படியே எழுதுகிறார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இவை இரண்டும் எதிரெதிர்ப் பொருள்கள்.

பன்னீரை எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் பாலில் புளிப்பை ஊற்றித் திரியவைக்கிறோம். அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடுகின்றன. மறுபடி சூடாக்கினால் நீரை விட்டு இன்னும் இறுகுமே தவிர, இளகி ஓடாது. அதனால் பன்னீரை உறையே இல்லாமல் பொரிக்கலாம். ஹலூமி என்ற சைப்ரஸ் சீஸும் அப்படித்தான், ரென்னெட் என்ற நொதியில் திரிந்ததுதான் என்றாலும், கட்டியை அதிலிருந்து வடித்த நீரிலேயே 90 டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுக்கிறார்கள், புளிப்பும் ஏறுவதில்லை. மொசரெல்லா வேறு ரகம். புரதங்களைப் பிணைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி புளிப்பால் கரைந்துவிடுவதால் பிணைப்பு தளர்வாக இருக்கிறது. சூடு பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும்.

எனவே உருகு சீஸ், உருகாச் சீஸ் என்று இரண்டாகப் பிரித்து எழுதலாம் என்கிறேன். குறிப்பின் முதல் வரியிலேயே இது தெரிந்துவிட்டால் பொரியுறை தேவையா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். பாலாடைக்கட்டியை விரும்புகிறவர்கள் உருகு பாலாடைக்கட்டி என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. அடைமொழி மட்டும் விட்டுப்போகக் கூடாது.

சொற்களை எல்லாம் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்க்கிறேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"நீர் குறைந்த உருகு சீஸை விரல் கனத்துக்கு நறுக்கி மூலைகளை மழுக்குங்கள். துண்டுகளைப் பற்றுமாவில் புரட்டி, உதறி, ஒட்டுக்கரைசலில் தோய்த்து, மேல்தூளை உள்ளங்கையால் ஒற்றி அழுத்துங்கள். கரைசலுக்கு ஒரு கை, தூளுக்கு ஒரு கை என்று வைத்துக்கொண்டால் விரல்களுக்கும் சேர்த்து உறையேறாது. கரைசலிலும் தூளிலும் மறுபடி ஒருமுறை உறையேற்றி, ஃப்ரீசரில் ஒரு மணி நேரமாவது இறுகவிடுங்கள். எண்ணெயில் துளி மேல்தூளைப் போட்டால் உடனே சலசலத்து மேலே வர வேண்டும். அப்போது நாலைந்து துண்டுகள் மட்டும் போடுங்கள். கூடப் போட்டால் எண்ணெய் ஆறிக் கசிவு வரும். பொரியுறை பொன்னிறமானதும், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், வெடிப்புக்குக் காத்திருக்காமல் அரித்தெடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள்."

எனக்கு இடறுவது ஒட்டுக்கரைசல் மட்டும்தான், கொஞ்சம் பசைப் புட்டி வாடை அடிக்கிறது. பிணைகரைசல் என்றால் வேதியியல் வாடை. சுருக்கமாக வேறு யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன். பொரியுறைக்கு வெள்ளிக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடித்து இழுக்கும்போது நூல் நூலாக வருகிறதே, அந்த ஸ்ட்ரெச்சுக்கு நீட்சி, இழுவை, இழையோட்டம் என்று மூன்று பேர் தனி மடலில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே போட்டால் பட்டியல் போடுகிறவர் பாவம்.

அன்புடன்,
பொரித்த சீஸ் கட்சிக்காரன்