பாலியில் ஒரே நாளில் ஏடிவி, ராஃப்டிங், ஊஞ்சல்: போடலாமா, வேண்டாமா?

வளசரவாக்கம்_ரவி
வணக்கம். ஆகஸ்டில் குடும்பத்தோடு பாலி போகிறோம். நான், மனைவி, 13 வயது மகள், 62 வயது அம்மா. நான்கு இரவு. தங்குவது குட்டா பக்கம். ஒரு நாளை அட்வென்ச்சருக்கு என்று ஒதுக்கலாமென்று யோசனை. ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: காலை 7 மணிக்கு ஓட்டல் வாசலில் வேன். உபுட் பக்கம் ஏடிவி வண்டி (சேற்றுப் பாதையில் ஓட்டும் நாலு சக்கர பைக்). அடுத்து ஆயுங் ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் துடுப்பு போட்டுப் போவது. மதியம் பஃபே. திரும்பும் வழியில் பெரிய ஊஞ்சலும் ஓர் அருவியும். ஆளுக்கு 11 லட்சம் ரூபியா கேட்கிறார், நம் காசில் ஏறக்குறைய ஆறாயிரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிப்பது சரியா? ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுபா_அண்ணாநகர்
ரவி சார், யோசிக்காமல் மொத்தமாகப் போட்டுவிடுங்கள். நான்கு இரவு என்றால் கையில் இருப்பது மூன்று முழு நாள்தான். ஒன்று கடற்கரைக்கும் உலுவாட்டு கோயிலுக்கும் போய்விடும். இன்னொன்று கடைத்தெருவுக்கு (இல்லை என்று சொல்லிப் பாருங்கள் வீட்டில்!). மிச்சம் ஒரு நாள். வேன் வாடகை ஒரு நாளைக்கு ஒரு நாள்தான். ஒரு இடத்துக்குப் போனாலும் மூன்று இடத்துக்குப் போனாலும் டிரைவருக்குக் கொடுப்பது அதேதான். தனித்தனியாக புக் செய்தால் ஒவ்வொன்றிலும் பிக்கப் காசைச் சேர்த்துத்தான் விலை போடுவார்கள்.

வரிசையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஏடிவியில் காதுக்குள் வரை சேறு போகும். நேரே ஆற்றில் இறங்கினால் அத்தனையும் போய்விடும். எங்கள் வீட்டு வாண்டுகள் இன்னும் அந்த நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வைத்தி_மயிலை
சுபா மேடம் போட்டது காசுக் கணக்கு. நான் நேரக் கணக்கு போடுகிறேன்.

ஆகஸ்ட் அங்கே உச்ச சீசன். ஐரோப்பாக்காரர்களின் கோடை விடுமுறைக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருக்கும். குட்டாவிலிருந்து உபுட் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் உபுட்டின் குறுகிய தெருக்களில் வேன் ஊர்ந்துதான் போகும். போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி என்று வையுங்கள். ஏடிவி இடத்தில் இறங்கியதும் ‘என் உயிருக்கு நானே பொறுப்பு’ என்ற தாளில் கையெழுத்து. அப்புறம் லாக்கர், முந்தைய ஆளின் ஈரம் காயாத ரப்பர் பூட்ஸ், முன்னால் போன குழு திரும்பும் வரை காத்திருப்பு. வண்டி ஓட்டுவது ஒன்றரை மணி நேரம் போனால் அதிகம். மறுபடி வேன். ஆற்றில் ஏறக்குறைய இரண்டு மணி. சாப்பாடு, உடை மாற்றல். அதற்குப் பிறகு ஊஞ்சலில் வரிசை. அங்கே மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், அருவியை மொபைல் டார்ச்சில்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் வண்டியிலும் ஆற்றிலும் இருப்பது மூன்றரை மணி நேரம். மற்றதெல்லாம் வேனும் வரிசையும்.

அதோடு, ஆயுங் ராஃப்டிங் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வராத ஒரு சங்கதி இருக்கிறது: படிகள். ஆறு ஓடுவது ஆழமான பள்ளத்தாக்கில். இறங்கவே சில நூறு படி. இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டு முடித்த இடத்தில் மறுபடி படி, இந்த முறை மேல்நோக்கி. 62 வயது அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

சுபா_அண்ணாநகர்
வைத்தி சார், பழனி ஏறுகிற நம் அம்மாக்களுக்கு அது ஒரு படியா?

வைத்தி_மயிலை
பழனியில் ஈர உடையோடு, தோள் வலிக்கத் துடுப்பு போட்ட பிறகு யாரும் ஏறுவதில்லை மேடம். மண்டபம் மண்டபமாக உட்கார்ந்து ஏறுவார்கள். முடியாவிட்டால் விஞ்ச் இருக்கிறது. ஆயுங்கில் விஞ்ச் கிடையாது.

திருச்சி_பிசியோ
பழனி உதாரணம் வந்துவிட்டதால் தொழில்ரீதியாக ஒரு வார்த்தை. ஏறும்போது வாங்குவது மூச்சு, முட்டி வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான் தெரியும். அதனால் அம்மாவிடம் ‘படி ஏறுவீர்களா’ என்று கேட்காதீர்கள், ‘இறங்கும்போது கைப்பிடி தேடுகிறீர்களா’ என்று கேளுங்கள். ஆம் என்றால் ராஃப்டிங் வேண்டாம்.

மற்றபடி நான் இரண்டு பேர் பக்கமும் இல்லை. ஆறு வேண்டும், ஏடிவி வேண்டாம் என்பது என் கட்சி. ஆயுங் ஒன்றும் மிரட்டும் ஆறு இல்லை. ஆறுகளைப் படகோட்டும் கடினத்தை வைத்து ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் அளவுகோலில் அது இரண்டு, மூன்றில் வரும். 13 வயதுப் பெண்ணுக்கு நல்ல தொடக்கம். இதைவிட விறுவிறுப்பு வேண்டுமென்றால் கிழக்கே கரங்கசெம் பக்கம் தெலாகா வாஜா ஆறு இருக்கிறது. அங்கே கடைசியில் ஒரு சின்னத் தடுப்பணையிலிருந்து படகோடு சேர்ந்து விழ வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

ஆற்றில் கவனிக்க வேண்டியவை. லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அது தளர்வு, பட்டையை இறுக்கித்தான் ஏற வேண்டும். துடுப்பின் மேல்முனையில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். அதை உள்ளங்கையால் மூடியே வைத்திருக்க வேண்டும். ராஃப்டிங்கில் உதடு கிழிவதும் பல் உடைவதும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவரின் அந்தக் குறுக்குப்பிடியால்தான். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது. மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். நிற்கப் போனால் பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும்.

ஏடிவி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நம் ஆட்கள் பைக் ஓட்டிப் பழகியவர்கள். வண்டி சாய்ந்தால் கால் தானாகத் தரையில் ஊன்றப் போகும். நாலு சக்கர வண்டியில் அப்படி ஊன்றினால் பின்சக்கரம் காலில் ஏறிவிடும். தவிர, ஆக்ஸிலரேட்டர் கட்டைவிரலில். ஒன்றரை மணி நேரம் கட்டைவிரலை அழுத்தி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அதே முன்கையை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு மணி நேரத்தில் துடுப்பு பிடிக்கச் சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் வைப்பதில் எனக்குள்ள ஆட்சேபம் இதுதான். காசோ நேரமோ அடுத்ததுதான்.

சுபா_அண்ணாநகர்
பிசியோ சார், மரியாதையோடு சொல்கிறேன். நீங்கள் பார்ப்பது அடிபட்டு உங்களிடம் வருகிறவர்களை மட்டும். அடிபடாமல் சிரித்துக்கொண்டே திரும்பியவர்கள் உங்கள் கிளினிக்குக்கு வருவதில்லை. ஏடிவி முன்னாலும் பின்னாலும் வழிகாட்டி ஓட்டி வருகிறார், வேகமும் அவர் கையில். மகளைத் தனியாக ஓட்டவிடாமல் அப்பா பின்னால் உட்கார வைத்தால் போயிற்று.

யாழ்ப்பாணத்தான்
எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் எத்தனை விளையாட்டு என்று சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கென்னவோ பிரச்சினை எண்ணிக்கையில் இல்லை, இடைத்தூரத்தில்தான் என்று படுகிறது. எங்கட நாட்டில் கித்துள்கல என்று ஒரு இடம் இருக்கு, களனி கங்கைக் கரையில். கொழும்பிலிருந்து நுவரெலியா போகிற பாதையில், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அங்கேயும் ராஃப்டிங், ஓடைப் பாறையில் சறுக்கிறது, உயரத்திலிருந்து தண்ணிக்குள் குதிக்கிறது எல்லாம் ஒரே நாளில்தான் செய்கிறவை. ஒருத்தரும் களைத்துப்போனதாகக் கதைக்கிறதில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில். ஈர உடுப்போடயே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம். அட்டை கடிக்கும், அது வேறு கதை.

ரவி அண்ணா, ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கோ: ஏடிவி இடத்துக்கும் படகு ஏறுகிற இடத்துக்கும் எவ்வளவு நேர ஓட்டம்? இருபது நிமிஷத்துக்குள் என்றால் சுபா அக்கா சொல்வது சரி. ஒரு மணித்தியாலம் என்றால் வைத்தி ஐயா சொல்வது சரி.

வைத்தி_மயிலை
தம்பி, நல்ல கேள்வி. ஆனால் ஏஜென்ட் எதைக் கேட்டாலும் ‘பக்கத்தில்தான் சார்’ என்பார். இரண்டு இடத்தின் பெயரையும் வாங்கி, கூகுள் மேப்பில் காலை பத்து மணிக்குப் போட்டுப் பாருங்கள் ரவி.

செந்தில்_கோவை
இன்சூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே? ‘இன்சூரன்ஸ் உட்பட’ என்று அந்த டூர் நோட்டீஸில் போட்டிருக்கும். அது என்ன தொகைக்கு, எந்த வயது வரைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கிருந்து எடுத்துப்போகும் டிராவல் பாலிசிகள் பலவற்றில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேர்ப்பார்கள். ராஃப்டிங்கும் ஏடிவியும் அந்தக் கூடுதலில் பெயர் சொல்லி இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டில் ஒரு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவில் இரண்டாவது பாலி ட்ரிப்பே போகலாம்.

சுபா_அண்ணாநகர்
இது நியாயம். இதற்கு எதிர்வாதம் கிடையாது.

நாஞ்சில்_மழை
நான் கொஞ்சம் வேறு விதமாகச் சண்டை போட வந்திருக்கிறேன். பாலியின் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் சுபக் முறை ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. கோயிலும் வாய்க்காலும் சேர்ந்த நீர் நிர்வாகம். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட ஊரில் வயல் வரப்பை ஒட்டி வரிசையாகப் பத்து ஏடிவி உறுமிக்கொண்டு போவதைத்தான் நாம் இயற்கையோடு ஒரு நாள் என்று சொல்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வயலும் குளமும் போன விதத்தைப் பார்த்தவன், எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பணத்தில் ஜதிலுவே வயல்களில் அரை நாள் நடக்கலாம். அதுவும் அந்த யுனெஸ்கோ பகுதிதான்.

சுபா_அண்ணாநகர்
வயலைக் குத்தகைக்கு விடுவது அந்த ஊர்க்காரர்தான் சார். நெல்லில் கிடைப்பதைவிட வண்டியில் அவருக்குக் கூடக் கிடைத்தால், வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? 13 வயதுப் பிள்ளையை அரை நாள் வரப்பில் நடக்கச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

நாஞ்சில்_மழை
‘நாம் யார்’ என்றால், காசு கொடுப்பவர்கள். எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் அங்கே பெருகும். ஊர்க்காரர் வருமானம் என்று பேசுகிறீர்கள் அல்லவா, ராஃப்டிங் முடியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காற்றுப் போக்கிய ரப்பர் படகைச் சுருட்டித் தலைச்சுமையாக அதே படிகளில் ஏற்றிப் போகும் பெண்கள் இருப்பார்கள். நாம் வெறுங்கையோடு மூச்சு வாங்குகிற படி. டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் வழிகாட்டியோடு நிறுத்தாமல் அவர்களுக்கும் கொடுங்கள்.

சுபா_அண்ணாநகர்
அதைச் சொன்னீர்களே, அதற்குக் கும்பிடு. நானும் பார்த்தேன். ஏடிவி விஷயத்தில் மட்டும் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

மடிப்பாக்கம்_சைவம்
நடுவில் ஒரு சின்ன விஷயம், ரவி சார் வீட்டில் அம்மா சைவமா? பஃபேயில் நாசி கோரெங் (வறுத்த சோறு), நூடுல்ஸ், தெம்பே (புளிக்கவைத்த சோயா) எல்லாம் இருக்கும். பெயரளவில் சைவமாக இருந்தாலும் பக்கத்தில் வைத்திருக்கும் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது சேர்ந்திருக்கும். அப்பளம் மாதிரி ஒன்று கிண்ணத்தில் வைப்பார்கள். அது பல இடங்களில் இறால் மாவு கலந்தது. நம் ஆட்கள் முதலில் கை வைப்பதே அதில்தான். புக் செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், நேரில் போய்ச் சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள்.

வளசரவாக்கம்_ரவி
எல்லோருக்கும் நன்றி. அம்மா சுத்த சைவம், அதனால் அந்த அப்பள விஷயத்துக்குத் தனி நன்றி.

மேப்பில் போட்டுப் பார்த்தேன். ஏடிவி இடத்திலிருந்து படகுத்துறைக்கு 50 நிமிடம் காட்டுகிறது. ஏஜென்ட் ‘பக்கத்தில்தான் சார்’ என்றுதான் சொன்னார், வைத்தி சார் சொன்ன அதே வார்த்தை! அம்மாவிடம் படி இறங்குவதைப் பற்றிக் கேட்டேன், ‘நான் என்னத்துக்கு ஆத்துல இறங்கணும், நீங்க போய்ட்டு வாங்க’ என்று முடித்துவிட்டார். எனவே ஏடிவியும் அருவியும் இல்லை. காலையிலேயே ராஃப்டிங், நாங்கள் மூன்று பேர். அம்மா அந்த நேரத்தில் உபுட் அரண்மனையையும் பக்கத்தில் சரஸ்வதி கோயிலையும் பார்த்துக்கொண்டு இருப்பார், துணைக்கு அங்கேயே ஒரு உள்ளூர் வழிகாட்டி ஏற்பாடு செய்கிறேன். மதியத்துக்கு மேல் மகள் கேட்பதால் ஊஞ்சல் மட்டும். இன்சூரன்ஸ் கூடுதல் பிரீமியம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுபா_அண்ணாநகர்
ஏடிவியை எடுத்துவிட்டு ஊஞ்சலை வைத்திருக்கிறீர்களா! வாடகை கவுன் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு ஐந்து நிமிடம் ஆடுவதற்கு முக்கால் மணி வரிசையில் நிற்பீர்கள். இருக்கிற மூன்றில் அதுதான் சார் வேஸ்ட்.

வைத்தி_மயிலை
முதல் முறையாக சுபா மேடம் கட்சியில் நான். ஊஞ்சலையும் தூக்குங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் அரண்மனையில் நடக்கும் நடன நிகழ்ச்சிக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்தான்
பிள்ளை கேட்ட ஒன்றையும் வெட்டப் போகிறீர்களோ? ஊஞ்சல் இருக்கட்டும்.

வளசரவாக்கம்_ரவி
மகளும் இந்தத் திரியைப் படித்துவிட்டாள். யாழ் அங்கிளுக்கு ஓட்டு போடச் சொல்கிறாள். சரி, அடுத்த சந்தேகம்: ஆற்றுக்கு என்ன செருப்பு போடுவது? ரப்பர் செருப்பு போதுமா?

திருச்சி_பிசியோ
ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே, ஆறு போய்ச் சேரும் சானூர் கடலை நோக்கிப் போய்விடும். பின்னால் பட்டை வைத்த சாண்டல், இல்லையென்றால் பழைய கேன்வாஸ் ஷூ. படிகளில் வழுக்காத அடிப்பாகம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.