'ஸேவன் ப்ரொவின்சியன்': பேர் கப்பலுக்கா, தளபதிக்கா?

நங்கூரன்: 'ஸேவன் ப்ரொவின்சியன்' என்ற இந்த டச்சுப் பாய்மரப் போர்க்கப்பலை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? 1665-ல் ராட்டர்டாம் கடற்படைக்குக் கட்டியது, 80 பீரங்கி, இரண்டு பீரங்கித் தட்டு, அதாவது பீரங்கி வரிசை நிற்கும் தளம். அதே காலத்தில் இங்கிலாந்திடம் மூன்று பீரங்கித் தட்டு வைத்த கப்பல்களே இருந்தன. டச்சுத் தளபதி மிகீல் டி ரூய்ட்டர் ஏறி நின்றார், பேர் வந்தது. அவ்வளவுதான்.

கரைக்காற்று: அண்ணே, டச்சுக் கரை முழுக்க மணல் திட்டு. அந்த மூன்று தட்டுக் கப்பல் மாதிரி அடி ஆழமாகத் தண்ணீருக்குள் அமிழும் கப்பல் அங்கே சரிப்படாது. 1666 ஜூனில், ஆங்கிலேயரோடு நடந்த நான்கு நாள் கடற்சண்டையில், அவர்களின் பிரம்மாண்டமான 'ராயல் பிரின்ஸ்' கேலப்பர் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அட்மிரல் ஏஸ்க்யூ கையைத் தூக்கிவிட்டார். கப்பலைக் கிளப்ப வழியில்லாமல் டி ரூய்ட்டர் கொளுத்தச் சொன்னார்.

நங்கூரன்: அதே வருடம் ஆகஸ்டில் 'ஸேவன் ப்ரொவின்சியன்' கப்பலில் டி ரூய்ட்டர் பின்வாங்கினாரே, அதைச் சொல்ல மாட்டீர்களா? 1667-ல் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்ததும் இன்னொரு டச்சுத் தளபதி வான் கென்ட்டின் பிரிவுதான். உங்கள் நாயகன் வெளியே தேம்ஸ் முகத்துவாரத்தில் நின்றான்!

பாய்மரப்பித்தன்: ஆகஸ்டுத் தோல்விக்கு டச்சுத் தளபதி ட்ரோம்ப்பைக் கேளுங்கள். எதிரியின் பின்படையைத் துரத்திக்கொண்டு அவர் பாட்டுக்குத் தனியே போய்விட்டார். மிச்சப் படை தப்பியதே திட்டுகளுக்குள் நுழைந்ததால்தான். ஆங்கிலேயரின் பெரிய கப்பல்கள் அங்கே பின்தொடர முடியவில்லை. 1673-ல் டச்சுக் கரையோரம் ஸ்கோனவெல்ட்டில் இரண்டு சண்டை, டெக்செலில் ஒன்று. இங்கிலாந்தும் பிரான்சும் கைகோத்து வந்தும் டச்சு மண்ணில் ஆள் இறக்க முடிந்ததா?

நங்கூரன்: அது தளபதியின் மூளை ஐயா, மரப்பலகையின் மூளை இல்லை. 1692-ல் பிரான்சுக் கரையோரம் நடந்த பார்ஃப்ளூர் சண்டையிலும் இந்தக் கப்பல் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? டி ரூய்ட்டர் 1676-லேயே சிசிலியில் காயம்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாய்மரப்பித்தன்: அப்போது அவர் இருந்தது 'ஏன்ட்ராக்ட்' கப்பலில். அதற்கு ஏன் இந்தப் பேர் வரவில்லை?

நங்கூரன்: இரண்டே சண்டையில் ஆள் போய்விட்டார், எப்படி வரும்?

கரைக்காற்று: சரி, மெட்வேயில் பிடித்த ஆங்கிலக் கப்பல் 'ராயல் சார்ல்ஸ்' கதையைப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் போதவில்லை. கப்பலை ஒருபக்கமாகச் சாய்த்து இழுத்து வந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்தார்கள்? டச்சுக் கடலுக்கு அடி ஆழம் அதிகம் என்று ஹெல்வட்ஸ்லாய்ஸில் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். 1673-ல், சண்டைக்கு ஒவ்வொரு கப்பலும் தேவைப்பட்ட அதே வருடத்தில், உடைப்புக்கு விற்றுவிட்டார்கள். 'ஸேவன் ப்ரொவின்சியன்' உடைபட்டது 1694-ல்.