பெட்டிக்குள் போகும் சைக்கிள்: கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு முன்னும் பின்னும்

வெள்ளவத்தையிலிருந்து:

சைக்கிளோடு விமானம் ஏறுகிற ஆக்களுக்கு முதல் நாள் வருகிற கோளாறுகள் பெரும்பாலும் அங்கத்தைய ரோட்டில் பிறக்கிறவை அல்ல. இங்கே ஹோலுக்குள் இருந்து பெட்டி கட்டும்போதே பிறந்துவிடுகின்றன. அதனால் பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே ஒருமுறை முழுதாகக் கழற்றி, கட்டி, திரும்பப் பூட்டிப் பாருங்கோ. எந்தப் புரியாவது தேய்ந்திருந்தால் அப்போதே தெரியும், கடைக்குப் போகவும் நேரம் இருக்கும்.

புது சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கலாம். ஏறத்தாழ 140 செ.மீ நீளம், 80 உயரம், 20 அகலம். த்ரீவீலுக்குள் அது அடங்காது, வான் வண்டிக்குச் சொல்லிவையுங்கோ. பெட்டி கிழிவது அடியில்தான்; அங்கே நீளவாக்கிலும் குறுக்கிலும் டேப் ஒட்டவேணும். பெட்டி கேட்கும்போதே, புது சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு (முன் சில்லைப் பிடிக்கிற கவைக்கு) நடுவில் வருகிற பிளாஸ்டிக் கட்டையையும் கேளுங்கோ. கடைக்காரர் எறிகிற சாமான் அது. சில்லைக் கழற்றிய ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் இடையே அதைப் பூட்டினால், மேலே பாரம் ஏறினாலும் கால்கள் உள்ளே நெளியாது.

பெடலுக்கு 15 மி.மீ ஸ்பானர், அல்லது உள்பக்கத்தால் 6 அல்லது 8 மி.மீ எலன் கீ (அறுகோணச் சாவி). இடது பெடல் இடப்புரி என்பதை மறந்து, இறுக்கிக்கொண்டே கழற்றப் பார்ப்பவர்கள் ஏராளம். இடம் வலம் யோசிக்கத் தேவையில்லை. ஸ்பானரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின் சில்லுப் பக்கமாகத் தள்ளுங்கோ. இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். திரும்பப் பூட்டும்போது கிறீஸ் பூசி, முதல் மூன்று சுற்று வெறும் விரலால் போகவேணும். பெடல் பூட்டுகிற கை, அதாவது கிராங்க், அலுமினியம்; பெடல் அச்சு உருக்கு. கோணலாக ஏறினால் கிராங்கின் புரிதான் உரியும்.

இனி டிரெய்லியர், பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற கியர். எல்லாவற்றிலும் கவனமாகச் செய்யவேண்டிய இடம் இதுதான். அது தொங்குகிற ஹேங்கர் வேண்டுமென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்யப்பட்டது, ஃபிரேம் வளையமுதல் தான் வளையட்டும் என்று. பெட்டி வலப்பக்கமாக விழுந்தால் போதும், அது உள்ளே சரியும். பார்த்தால் தெரியாத அளவு சரிவே போதும். தட்டையான ரோட்டில் ஒன்றும் நடக்காது. முதல் ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெய்லியர் சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். கம்பியும் போய், டிரெய்லியரும் போய், அன்றைய நாளும் போய்விடும். 5 மி.மீ எலன் கீயால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றுங்கோ. கேபிளைத் தொடவேண்டாம், செயினும் அப்படியே இருக்கட்டும். துணியில் சுற்றி ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் கட்டிவிடுங்கோ. உங்கள் ஃபிரேமுக்குரிய உபரி ஹேங்கர் ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோங்கோ. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம். போகிற ஊரில் தேடிப் பிடிக்க முடியாது.

ஹைட்ராலிக் டிஸ்க் பிறேக் என்றால், சில்லு கழன்றிருக்கும்போது யாரும் பிறேக் லீவரைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பிறேக் பாட் இரண்டும் நெருங்கிவிடும், பிறகு சில்லில் உள்ள பிறேக் தட்டு (ரோட்டர்) உள்ளே நுழையாது. ஒரு விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்துப் பாட்டுக்கு இடையில் செருகினால் சரி. சீற் உயரத்தைக் கறுப்பு டேப்பால் அடையாளம் போடுங்கோ. டயரில் 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காற்றை மிச்சம் வைத்தால் றிம்முக்கு அது மெத்தை.

ஸ்பானர், எலன் கீ எல்லாம் பெட்டிக்குள் போகவேணும், டேப் உருளை மட்டும் கைப்பையில். சோதனைக்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் திரும்ப ஒட்ட வேறு வழியில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா சொன்னது சொந்தச் சைக்கிளுக்கு. பாரிஸிலோ ஜெர்மனியிலோ சொந்தக்காரர் வீட்டில் நின்றுகொண்டு வாடகைச் சைக்கிளில் ஓடுகிற ஆக்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே வலக்கை லீவர் முன் பிறேக். ஐரோப்பியக் கண்டத்தில் பெரும்பாலும் இடக்கைதான் முன் பிறேக். அவசரத்தில் கை பழக்கத்தில்தான் போகும். பின் பிறேக் என்று நினைத்து இடக்கையை அமுக்கினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். எடுத்தவுடனே முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, எந்த லீவர் நிறுத்துகிறது என்று பாருங்கோ. ஜெர்மனி, நெதர்லாந்து சைக்கிள்கள் சிலவற்றில் பெடலைப் பின்னுக்கு மிதித்தாலே பிறேக் பிடிக்கும். சிக்னலில் நிற்கும்போது பெடலைப் பின்னுக்குச் சுற்றிச் சரிசெய்கிற பழக்கம் அதில் செல்லாது.

அங்கே வலப்பக்கம் ஓடவேணும். ஜெர்மனியில் பலகையோ சிக்னலோ இல்லாத சந்தியில் வலப்பக்கத்தால் வருகிறவருக்குத்தான் முதல் வழி. சைக்கிள்காரருக்கும் அதே சட்டம். கண்ணாடி பூட்டுவதென்றால் இடப்பக்கம் பூட்டுங்கோ.

முதல் நீண்ட பயணத்துக்கு ஜெர்மனியின் பஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரைக்கும் தன்யூப் நதிக்கரைப் பாதை மிக நல்லது. 300 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட. நாளுக்கு 50 கி.மீ என்றால் ஒரு கிழமை. ஆறு கிழக்கே ஓடுகிறது, காற்றும் மேற்கிலிருந்து வருவதுதான் அதிகம், அதனால் பஸாவில் தொடங்குவதே புத்தி. ரயிலில் ஏற்றுவதென்றால் ஜெர்மனியின் ஐ.சி.இ. என்கிற அதிவேக ரயில்களில் சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிய வேணும்.

நம்முடைய லுமாலா சைக்கிளில் இருக்கிற, நட்டைத் திருகிக் கழற்றுகிற அந்தப் பழைய வால்வ் ஜெர்மனியின் ஊர்ச் சைக்கிள்களில் இன்றைக்கும் உண்டு. மெல்லிய பிரெஞ்சு வால்வ் உள்ள சைக்கிளோடு போகிறவர்கள் சிறு பித்தளை அடாப்டர் ஒன்று வைத்திருந்தால் பெற்றோல் செட்டிலும் காற்றடிக்கலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

பயணம் வருடத்துக்கு ஒருக்கால். மிச்ச நாளெல்லாம் கடலோர மரைன் டிரைவும் காலிமுகத்திடலும்தான், அங்கே எதிரி உப்புக் காற்று. ஓடி முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடையுங்கோ. ஹோஸ் பைப்பைச் சில்லின் நடு ஹப்புக்கு நேரே பிடிக்கக் கூடாது, உள்ளே இருக்கிற கிறீஸ் கழுவுப்படும். செயின் காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய், இரவு முழுக்க விட்டு, காலையில் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைக்கவேணும். துடைக்காமல் விட்ட எண்ணெயில் கடற்கரை மணல் ஒட்டி, அரைக்கிற மாவு போல ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் சீற் குழாயை வெளியே இழுத்துக் கிறீஸ் பூசுங்கோ. உருக்கு ஃபிரேமுக்குள் அலுமினியக் குழாய் உப்போடு சேர்ந்து இறுகினால் பிறகு வாளால்தான் அறுத்தெடுக்கவேணும்.

செயின் தேய்வைப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, உருக்கு அடிமட்டம் போதும். செயின் கண்ணிகளைக் கோக்கிற ஊசி ஒன்றின் நடுவிலிருந்து அளந்தால் புது செயினில் 24ஆவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்றுங்கோ. எட்டில் ஒன்று என்றால் பின் பல்லும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக டியூபுக்கு ஒட்டுப் போடவும் பழகுங்கோ. தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொலூஷனை மெல்லிசாகப் பூசி, அது மினுக்கம் போகும் வரை காத்திருக்கவேணும். கொழும்பு ஈரத்துக்கு ஐந்து நிமிடம் காணாது. ஒட்டு கழல்வதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரமாகவே ஒட்டுவதுதான். ஒட்டமுதல் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக் கம்பியோ கண்ணாடியோ இருக்கிறதா பாருங்கோ.

தெஹிவளையிலிருந்து:

கரியரில் பக்கப் பை ஏற்றுகிறவர்கள் பின் சில்லின் வலப்பக்கச் சில்லுக் கம்பி மூன்று கொண்டுபோங்கோ. பல் சக்கரத்துக்கு இடம்விட்டு றிம்மை நடுவில் நிறுத்த வலப்பக்கத்தைக் கூடுதலாக இழுத்திருப்பார்கள், உடைவதும் அங்கேதான். இடப்பக்கக் கம்பி ஒரு சில மி.மீ நீளம் கூட, மாறிப் போடமுடியாது. பல் சக்கரத்தைக் கழற்றுகிற கருவியும் கூடவே வேணும். அது இல்லாமல் கம்பியின் வளைந்த முனையைத் துவாரத்துக்குள் விட இடமே கிடைக்காது. பழைய சில்லொன்றில் கம்பியை இறுக்குகிற நிப்பிளைக் கால் கால் சுற்றாகத் திருகி, றிம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று இங்கேயே பார்த்துப் பழகலாம்.

வெள்ளவத்தையிலிருந்து:

தம்பி, கம்பி விஷயம் சரி. பவர் பேங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ: பெட்டிக்குள் வைக்கவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட் அவர் வரைக்கும் பிரச்சினை இல்லை; 20,000 எம்.ஏ.எச் என்றால் 74 வாட் அவர்தான் வரும். அடுப்புக் காஸ் குப்பி எந்தப் பையிலும் போகாது, போய் இறங்கின ஊரில் வாங்குங்கோ. திரும்பி வந்து கட்டுநாயக்கவிலேயே பூட்டி வீட்டுக்கு ஓடுகிறவர்கள் அதிவேகப் பாதைப் பக்கம் போகவேண்டாம், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சீதுவை, ஜா-எல, வத்தளை வழியாக நீர்கொழும்பு வீதிதான்.