ஆடித் தள்ளுபடியில் கண்ணோர ஊசி: போட்டுக்கொள்ளலாமா?

வேளச்சேரி மீனா
வயது 49. வங்கியில் கவுன்ட்டர் வேலை. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மகளுக்குத் திருமணம். நிச்சயதார்த்தப் படங்களில் நான் சிரிக்கும் படம் ஒவ்வொன்றிலும் கண்ணின் வெளியோரத்தில் மூன்று கோடுகள், விசிறி விரித்ததுபோல். தெருமுனை அழகு நிலையத்தில், சுருக்கத்தை மறைக்கும் போட்டாக்ஸ் ஊசிக்கு ஆடித் தள்ளுபடி என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். இரண்டாவது கண்ணுக்குப் பாதி விலையாம்! போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

மாம்பலத்தான்
வேண்டாம் தங்கச்சி. முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். அது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி சுரக்கும் நச்சு. கெட்டுப்போன இறைச்சியைத் தின்று மூச்சு நின்று செத்தவர்களிடமிருந்துதான் அதன் கதையே தொடங்குகிறது. அதைக் காசு கொடுத்துக் கண்ணோரத்தில் குத்திக்கொள்வார்களா? மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் கோடு இல்லையா? அவரிடம் யாராவது துண்டுச்சீட்டு நீட்டினார்களா?

நுங்கம்பாக்கம் நிலா
கடைசிக் கேள்வி நியாயமானது ஐயா. மற்றதெல்லாம் பயமுறுத்தல். அந்த நச்சு 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதே மாறுகண்ணுக்கும், தானாக மூடிக்கொள்ளும் இமைக்கும்தான். வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைக்காக ஊசி போட்டபோதுதான், புருவங்களுக்கு நடுவே இருந்த சுருக்கமும் மறைவதை ஒரு நோயாளி வழியாகக் கவனித்தார். கண்ணோரக் கோடுகளுக்கு அந்நாட்டு அனுமதி கிடைத்தது 2013இல்.

நான் மூன்று முறை போட்டுக்கொண்டேன். கண்ணை இறுக்கிச் சிரிக்கச் சொல்லி, வெள்ளைப் பென்சிலால் பக்கத்துக்கு மூன்று புள்ளி வைத்தார் மருத்துவர். எறும்பு கடித்த அளவு வலி. ஐந்தாம் நாள் லேசாகத் தெரிந்தது, இரண்டு வாரத்தில் முழுதாக. மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் பழையபடி. என் தோழிகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "தூக்கம் நன்றாக வருகிறதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

மாம்பலத்தான்
அதாவது வருடத்துக்கு மூன்று முறை மொய் எழுத வேண்டும்.

நுங்கம்பாக்கம் நிலா
நீங்கள் தலைக்கு மை பூசுவதில்லையா ஐயா?

மாம்பலத்தான்
பூசுகிறேன். மை நரம்பை வாய்மூட வைப்பதில்லை. தசையை இழுக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதுதானே இந்த ஊசியின் வேலை?

மருந்துக்கடை மணி
இருவரும் கொள்கைச் சண்டை போடுகிறீர்கள். அந்த அக்கா கேட்டது துண்டுச்சீட்டைப் பற்றி. மருந்து மொத்த வியாபாரத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்த மருந்து கண் கணக்கில் விற்கும் சரக்கு அல்ல, யூனிட் கணக்கு. கண்ணோரக் கோடுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவு பக்கத்துக்கு 12, மொத்தம் 24 யூனிட். அதுவும் ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமில்லை. குப்பிக்குள் வெறும் தூள் படலம்தான் இருக்கும், சலைன் என்ற உப்புநீர் விட்டுக் கரைப்பார்கள். கூடுதலாகச் சலைன் விட்டால் பால்காரர் கதைதான்.

பிறகு குளிர். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஆடி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் குப்பி போவதை நானே பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனம், தொகுதி எண் என்ன, கண் முன்னால் பிரிப்பீர்களா, குத்துபவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா? இதைக் கேளுங்கள் அக்கா. முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரம்பூர் கீதா
என் கதையையும் கேளுங்கள். போன வருடம் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இதே ஊசி. இடப்பக்கம் சற்றுக் கீழே குத்திவிட்டார்கள். உதட்டின் ஓரத்தை மேலே இழுக்கும் தசைக்கு மருந்து இறங்கிவிட்டது. கண்ணோரம் வழவழவென்று ஆனது, சிரித்தால் வலப்பக்கம் மட்டும் மேலே போனது. தங்கையின் வளைகாப்பு ஆல்பம் முழுவதும் நான் யாரையோ ஏளனம் செய்வதுபோல் நிற்கிறேன். மாற்று மருந்து கிடையாதா என்று வேறொரு மருத்துவரிடம் அழுதேன். தோலுக்கடியில் பள்ளத்தை நிரப்பும் ஹையலூரானிக் அமில ஃபில்லர் என்றால் கரைத்துவிட ஊசி உண்டு, இதற்கு நாள்தான் மருந்து என்றார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

மாம்பலத்தான்
இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

நுங்கம்பாக்கம் நிலா
கீதாவுக்கு நேர்ந்தது கைப்பிழை ஐயா. கை சரியில்லை என்று தையலையே விட்டுவிடுவோமா? ஆனால் மீனா அக்கா, முதல் முறை போடுபவர்கள் கல்யாணத்துக்கு ஒட்டிப் போடவே கூடாது. கண்ணோரத்தில் நீலம் பாய்ந்தாலே ஒரு வாரம் நிற்கும். "கருவளையத்துக்கு ஃபில்லரும் சேர்த்துப் போடுங்கள்" என்பார்கள், தலையாட்டிவிடாதீர்கள். அது வேறு சரக்கு. ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் பார்வையே போகலாம். அரிதுதான், ஆனாலும் கண் அல்லவா.

வேளச்சேரி மீனா
எல்லோருக்கும் நன்றி. மணி தம்பி சொன்னபடி கேட்டேன். "குப்பியா? டாக்டர் வரும்போது கையோடு கொண்டுவருவார்" என்றாள் அந்தப் பெண். எந்த டாக்டர் என்றதற்குக் குளிர்ந்த மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். சிரிக்காமல் கண்ணாடி முன் நிற்கச் சொன்னார். இரண்டு கோடுகள் மறைந்தன, ஒன்று அப்படியே நின்றது. மறைகிற இரண்டும் தசை இழுப்பதால் வருபவை, ஊசிக்கு நன்றாகக் கேட்கும். நிற்கிற ஒன்று வெயில் போட்ட கோடு, லேசாகுமே தவிர முழுதாகப் போகாது என்றார். ஸ்கூட்டரில் போகும்போது சன்ஸ்கிரீன் உண்டா என்றார். இல்லை. கடைசியாக எப்போது கண் பரிசோதித்தீர்கள் என்றார். நான்கு வருடம் ஆகிறது. கவுன்ட்டரில் நாள் முழுவதும் கண்ணை இடுக்கித்தான் திரையைப் பார்க்கிறேன் போலிருக்கிறது.

மாம்பலத்தான்
பார்த்தீர்களா! மூக்குக்கண்ணாடி போதும்.

நுங்கம்பாக்கம் நிலா
மூக்குக்கண்ணாடி இருக்கிற கோட்டை அழிக்காது ஐயா.

வேளச்சேரி மீனா
இருவரும் சண்டையைத் தொடருங்கள். கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டேன். ஊசிக்குப் புரட்டாசியில் வரச் சொல்லியிருக்கிறார், போவேனா என்று அப்போது பார்க்கலாம். ஆடித் தள்ளுபடிப் பணத்துக்கு தி. நகரில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்தேன்.